கடைசிச் சிகரெட்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தூது இலக்கியம் தமிழில் எதைத்தான் தூது அனுப்பவில்லை! அன்னமும் கிளியும் மேகமும் சென்றன; நெஞ்சு சென்றது; தமிழே சென்றது; பணமும் சென்றது. அந்த வரிசையில் புகையிலைக்கும் ஓர் இடம் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது, பழனி முருகன்பால் காதல் கொண்ட தலைவி புகையிலையைத் தூதாக விடுப்பதாக அமைந்தது. உ.வே.சாமிநாதையரின் பதிப்பால் நமக்குக் கிடைத்த நூல் அது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இச்செடி போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுச் செடி. ஆனால், புலவரோ அதற்குப் புராணப் பிறப்பையே கற்பித்துவிட்டார். தேவர்கள் மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து வைக்கின்றனர். சிவனிடம் தந்த வில்வம் கங்கையோடு போயிற்று. திருமாலிடம் தந்த துளசி பாற்கடலோடு போயிற்று. நான்முகனிடம் தந்த இலை மட்டும் கலைமகளின் நாவில் தங்கிற்று. மற்றவை போயின, இது போகவில்லை, ஆகவே 'போகையிலை', அதுவே மருவிப் புகையிலை ஆயிற்றாம்.

இதைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. வந்து சில தலைமுறைகளே ஆன ஒரு போதைப் பொருளுக்குக் கலைமகளின் நாவிலேயே இடம் பிடித்துக் கொடுக்கும் துணிவு புலவனுக்கன்றி யாருக்கு வரும்? நூலைக் குறை கூற வேண்டியதில்லை. அது விளையாட்டு, அழகான விளையாட்டு. ஆனால் அந்தச் சிலேடைக்குள் புலவர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மை அகப்பட்டுக் கொண்டிருக்கிறது. ஒருமுறை வந்தபின் போகாத இலை அது.

போகாத இலையைப் போக்க முயன்ற மனிதனின் கதை இத்தாலிய மொழியில் 1923ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் இடாலோ சுவேவோ. எத்தோரே ஷ்மிட்ஸ் என்பது இயற்பெயர். 1861இல் திரியெஸ்த் துறைமுக நகரில் பிறந்தவர்; மாமனார் குடும்பத்தின் நிறுவனத்தில், கப்பல்களின் அடிப்பாகத்திற்குப் பூசும் வண்ணத்தை உற்பத்தி செய்து விற்று வாழ்ந்தவர். இளமையில் எழுதிய இரு புதினங்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. வணிகத்திற்காக ஆங்கிலம் கற்க வேண்டி வந்தபோது, அந்நகரில் ஆசிரியப் பணி செய்து பிழைத்து வந்த ஜேம்ஸ் ஜாய்ஸ் 1907இல் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மாணவரின் பழைய புதினங்களைப் படித்துவிட்டு ஆசிரியர் பாராட்டிய பாராட்டு, அணைந்து போயிருந்த எழுத்தாளரை மீண்டும் எழுப்பிற்று.

'ஸெனோவின் மனச்சான்று' என்று அப்புதினத்தின் பெயரைத் தமிழில் சொல்லலாம். மூலத்தில் உள்ள இத்தாலியச் சொல்லுக்கு மனச்சான்று, தன்னுணர்வு என இரு பொருளும் உண்டு. தமிழில் ஒரே சொல்லில் இரண்டையும் பிடிப்பது அரிது. முதிய வணிகன் ஸெனோ, தன் உளமருத்துவரின் அறிவுரைப்படி வாழ்க்கையை எழுதத் தொடங்குகிறான். முன்னுரைகளை அடுத்து வரும் அதிகாரமே புகைப்பது பற்றியதுதான். சிறுவனாக இருந்தபோது தந்தை வீடெங்கும் விட்டுச் சென்ற சுருட்டுத் துண்டுகளைப் புகைத்ததில் தொடங்கி, 'கடைசிச் சிகரெட்' என்னும் இரு சொற்களைச் சுற்றியே ஓர் ஆயுள் சுழல்வதை அவன் எழுதுகிறான். நாட்குறிப்பிலும் புத்தகங்களின் ஓரத்திலும் அச்சொற்களின் முதலெழுத்துகளைக் குறித்து, அருகில் தேதியும் இடுகிறான். குடியிருந்த அறையின் சுவரெல்லாம் தேதிகள். அவ்வறையை விட்டுப் போகும்போது தன் செலவிலேயே சுவருக்குப் புதுத் தாள் ஒட்டித் தர வேண்டியதாகிறது.

இங்கே ஒரு நுட்பம் கவிஞர்கள் உற்று நோக்கத்தக்கது. ஸெனோ எந்தத் தேதியிலும் புகையை விட்டுவிடச் சம்மதிப்பதில்லை. ஓசையும் ஒழுங்கும் உள்ள தேதியையே தேர்கிறான். 1899ஆம் ஆண்டின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். புதிய நூற்றாண்டின் முதலாண்டில் முதல் மாதத்து முதல் நாள். இவற்றில் அவன் ஒருவகை எதுகையையே காண்கிறான் எனலாம். யாப்புப் பிழையின்றிச் சபதம் செய்ய வேண்டும் என்னும் அவா அவனுக்கு! அது மட்டுமன்று. கடைசி என்று எண்ணிப் புகைக்கும் சிகரெட்டின் சுவை மற்ற எதற்கும் இல்லை என்றும் அவன் ஒப்புக்கொள்கிறான். தன்னை வென்றுவிட்ட பெருமிதமும், நாளை முதல் வரப்போகும் உடல்நலமும் வலிமையும் அந்த ஒன்றிலேயே சேர்ந்து மணக்கின்றன. ஆகவே கடைசிச் சிகரெட் பெருகிக்கொண்டே போகிறது. சபதம் புகைக்கு எதிரி என்று வெளியே தோன்றுகிறது. உண்மையில் புகைக்கு மணமூட்டும் சரக்காகவே அது ஆகிவிட்டது.

ஒருமுறை அவன் தானே விரும்பி ஒரு மருத்துவமனையில் அடைபடுகிறான். காவலுக்கு ஒரு செவிலி. அன்று இரவே அவளுக்குக் கோன்யாக் மதுவைக் கொடுத்து மயக்கித் தப்பி வீடு சேர்கிறான். நகைச்சுவையின் உச்சம் இது. ஆனால் நகைச்சுவைக்கு நடுவே, தன்னைப் பற்றி அவன் கொள்ளும் ஓர் ஐயம் நெஞ்சைத் தைக்கும். சிகரெட்டை இவ்வளவு நேசித்ததே, தன் ஆற்றலின்மையின் பழியை அதன்மேல் போடத்தானோ? விட்டிருந்தால் தான் எதிர்பார்த்த அந்த வலிய, சிறந்த மனிதனாக ஆகியிருப்போம் என்பது என்ன நிச்சயம்? அந்தக் கேள்விக்கு விடை காணாமலிருக்கவே புகைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? 'இந்தப் பழக்கம் மட்டும் இல்லையென்றால் நான் எழுதியிருக்க வேண்டியது எவ்வளவோ' என்று சொல்லும் எழுத்தாளர்களை எல்லா மொழியிலும் காணலாம். 'இந்தப் பழக்கம் இல்லையென்றால் எழுதவே வராது' என்போரையும் காணலாம். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று சுவேவோ கண்டுகொண்டார்.

கண்டுகொண்டவர் விட்டாரா என்றால், இல்லை. 1896இல் தம் வருங்கால மனைவிக்காக எழுதிய நாட்குறிப்பிலேயே கடைசிச் சிகரெட் உறுதிமொழிகள் இடம்பெற்றிருக்கின்றன. புதினம் வெளிவந்ததோ 27 ஆண்டுகளுக்குப் பின்.

இதனை மனவலிமைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. உடலியல் சொல்வதையும் கேட்க வேண்டும். உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் நுரையீரல் வழியே குருதியில் கலந்து, சில நொடிகளில், ஏறக்குறைய 10 முதல் 20 நொடிக்குள், மூளையைச் சேர்கிறது. அங்குள்ள ஏற்பிகளைத் தூண்டி, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. இன்பமும் எதிர்பார்ப்பும் அதனோடு தொடர்புடையவை. குருதியிலுள்ள நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மூளை மீண்டும் கேட்கும். நாளொன்றுக்கு 20 சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 73,000 முறை அந்தக் கேள்வியும் விடையும் நிகழ்கின்றன. இத்தனை முறை ஓதப்பட்ட பாடம் வேறு எது? தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் எரிச்சலும் பதற்றமும் உறக்கமின்மையும் உச்சத்தை எட்டுகின்றன; மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. துணை எதுவுமின்றித் தம் உறுதியை மட்டும் நம்பி நிறுத்துவோரில், ஒரு முயற்சிக்கு நூற்றுக்கு ஐவர்கூட ஓராண்டு தாக்குப்பிடிப்பதில்லை. ஸெனோ விதிவிலக்கல்லன்.

மனத்தின் இயல்பை எவரினும் ஆழமாக ஆராய்ந்ததாகப் புகழப்படும் ஒருவராவது விதிவிலக்காக இருந்தாரா என்று பார்க்கலாம். வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டைத்தான் குறிப்பிடுகிறோம். சுவேவோ அவரைப் படித்தவர். உறவினரான மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து ஃபிராய்டின் கனவு பற்றிய சிறு நூலை மொழிபெயர்க்கவும் முற்பட்டவர். ஸெனோவை உளமருத்துவரிடம் அனுப்பியதும், அந்த மருத்துவரையே நகைத்ததும் இப்பயிற்சியின் விளைவுகளே.

ஃபிராய்டு இருபத்து நான்கு வயதளவில் புகைக்கத் தொடங்கினார். விரைவில் சுருட்டுக்கு மாறினார். நாளொன்றுக்கு 20 சுருட்டு வரை அவர் வழக்கம். தம் உழைக்கும் ஆற்றலுக்கும் தன்னடக்கத்திற்கும் சுருட்டுக்கே கடன்பட்டிருப்பதாக நம்பினார். தன்னடக்கத்தைத் தந்தது சுருட்டு என்று நம்பியவர் மனத்தின் சூழ்ச்சிகளை ஆராய்ந்தவர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1902இல் அவர் வீட்டில் ஒரு வட்டம் கூடத் தொடங்கியது. புதன்கிழமை தோறும் கூடியதால் புதன்கிழமை உளவியல் வட்டம் என்று பெயர். இங்குள்ள வட்டத்தைப் போலவே அங்கும் கட்டுரை வாசிப்பார்கள், காப்பி வரும், விவாதம் நடக்கும். மேசைமேல் சுருட்டும் சிகரெட்டும் இருக்கும். ஒவ்வொருவர் முன்பும் சாம்பல் கிண்ணம் இருக்கும். கூட்டம் கலைந்தபின் அவ்வறையின் புகை மண்டலத்தை எட்டிப் பார்த்த மகன் மார்ட்டின், இதற்குள் மனிதர்கள் எப்படி மணிக்கணக்கில் மூச்சுவிட்டுப் பேசினார்கள் என்று வியந்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். மூத்தவரின் கையில் இருப்பது சுற்றியிருப்போரின் கைக்கும் வந்துவிடுகிறது. வட்டங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

1890களில் அவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு தோன்றியது. நண்பரும் மருத்துவருமான வில்ஹெல்ம் ஃபிளீஸ் புகையை நிறுத்தச் சொன்னார். சில வாரங்கள் நிறுத்தினார், அந்நாட்களின் துன்பத்தை நண்பருக்கு மடல் மடலாக எழுதினார், பிறகு தொடங்கினார். 1923இல், அதாவது ஸெனோவின் கதை வெளியான அதே ஆண்டில், வாயின் மேலண்ணத்தில் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் கண்ட மருத்துவர் உண்மையை மறைத்தார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஹன்ஸ் பிக்லர் என்னும் அறுவை மருத்துவர் மேல் தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தையும் அகற்றி, வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பாக ஒரு செயற்கைத் தட்டைப் பொருத்தினார். பொருத்தவும் வலி, கழற்றவும் வலி. வீட்டார் அதற்கு இட்ட பெயர் 'பூதம்'. பேச்சு குழறியது, ஒரு காது கேளாமல் போயிற்று. உலகெங்கும் இருந்து வந்தோரின் பேச்சைக் கேட்டுப் பிழைத்த மனிதர் அவர். அடுத்த 16 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அத்தனைக்கும் நடுவே சுருட்டு தொடர்ந்தது.

அறியாமையால் புகைத்தார் என்று அவரைச் சொல்ல முடியாது. மருத்துவர், எச்சரிக்கப்பட்டவர், 1897இலேயே புகையிலை நாட்டத்தை வேறோர் ஆதி நாட்டத்தின் பதிலியாக ஃபிளீஸுக்கு எழுதிய மடலில் விளக்கியவர். விளக்கம் கையில் இருந்தது. சுருட்டும் கையில் இருந்தது. அறிவு வந்தால் பழக்கம் போகும் என்னும் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. அவரைப் பழிக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. அத்தனை வலியிலும் எழுதினார், நோயாளிகளைப் பார்த்தார். அறிவு மங்கும் என்று அஞ்சி வலிநீக்கி மருந்துகளைக்கூடப் பெரும்பாலும் மறுத்தார். ஆற்றல் மிக்க மனவலிமை ஒன்று, ஒரே ஓர் இடத்தில் மட்டும் செல்லாக் காசாகிப் போனது. 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டுப் புறப்படும் முன், தம்பி அலெக்சாந்தரின் பிறந்தநாளுக்கு அவர் கொடுத்த பரிசு, தாம் சேர்த்து வைத்திருந்த நல்ல சுருட்டுகளே. மறு ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இலண்டனில் இறந்தார்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? இச்சொல் புகையிலையின் வரலாற்றில் வாய்க்கு வாய் மாறி வந்த விதம் ஒரு தனி ஆய்வுக்குரியது.

1954ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க அறிவிப்பை வெளியிட்டன. மக்களின் உடல்நலத்தில் அக்கறை கொள்வது தங்கள் அடிப்படைப் பொறுப்பு, வணிகத்தின் வேறெந்த நோக்கத்திற்கும் அது மேலானது என்று அதில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டன. பிறகு வழக்குகள் வந்தன. வழக்கு மன்றத்தில் அதே நிறுவனங்களின் வாதம், புகைத்தவர் தாமே விரும்பிப் புகைத்தார், பொறுப்பு அவருடையது என்பது. விளம்பரத்தில் நிறுவனத்திடம் இருந்த பொறுப்பு, கூண்டில் ஏறியதும் நோயாளியின் தலைக்கு மாறியது.

அவ்வழக்குகளுள் ஒன்று, நியூ ஜெர்சி மாநிலத்து ரோஸ் சிப்பலோனே என்னும் பெண்ணுடையது. 1942இல், பதினாறு வயதில் புகைக்கத் தொடங்கியவர் அவர். விளம்பரங்கள் நளினமும் நவநாகரிகமும் என்று காட்டியதை நம்பினார். பின்னர் வடிகட்டி வைத்த சிகரெட் வந்தபோது, அது தீங்கு குறைந்தது என்றெண்ணி அதற்கு மாறினார். 1981இல் நுரையீரல் புற்று கண்டறியப்பட்டது, 1983இல் வழக்குத் தொடுத்தார், 1984இல் இறந்தார். கணவர் வழக்கைத் தொடர்ந்தார். 1988 ஜூன் மாதம் ஆறு நடுவர்கள் தீர்ப்புரைத்தனர்: குற்றத்தில் 80 விழுக்காடு ரோஸுடையது, 20 விழுக்காடு நிறுவனத்துடையது. ஆயினும் பழைய விளம்பரங்கள் அளித்த உறுதிமொழி பொய்த்ததற்காகக் கணவருக்கு 4 இலட்சம் டாலர் வழங்க வேண்டும் என்றனர். அதுவும் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்க ஓரளவு வழி திறந்தபோதும், செலவு தாங்காமல் குடும்பத்தார் அவ்வாண்டே வழக்கைக் கைவிட்டனர்.

எண்பதுக்கு இருபது! பதினாறு வயதுச் சிறுமியின் தேர்வை ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணின் கணக்கில் எழுதுவது முறையா? பதினாறில் தேர்ந்தவர் அவர். இருபதில் தேர்ந்துகொண்டிருந்தது நிக்கோட்டின். ஒரு சொல்லின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964ஆம் ஆண்டு அறிக்கை, புகைத்தல் நுரையீரல் புற்றுக்குக் காரணம் என்று துணிந்து சொன்னது. ஆனால் அதனைப் 'பழக்கம்' என்றே குறித்தது. 'அடிமைப்படுத்துவது' என்னும் சொல் அதே பதவியின் அறிக்கையில் இடம்பெற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லுக்கு 24 ஆண்டுகள். அதன் பின்னரும் 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றனர். சொல் விளையாட்டு கவிஞர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

இனி வள்ளுவர் பக்கம் திரும்புவோம். புகையிலையை அவர் அறியார். ஆனால் பொருட்பாலில் அவர் வைத்திருக்கும் ஒரு வரிசை கருதத்தக்கது. 92ஆம் அதிகாரம் வரைவின் மகளிர், 93 கள்ளுண்ணாமை, 94 சூது. இம்மூன்றையும் அடுத்து 95ஆவதாக வருவது மருந்து. மனிதன் தானே தேடிக் கொள்ளும் மூன்று வீழ்ச்சிகளைச் சொல்லிய கையோடு மருத்துவத்தை வைத்தார். உரையாசிரியர்கள் அதிகார வைப்புக்கு வேறு காரணம் காட்டலாம். ஆனால் இந்த அண்மை தற்செயலாகத் தோன்றவில்லை. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி உண்பவனைப் பற்றியது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண், அளவறிந்து உண் என்று பொறுப்பை அவன் கையிலேயே ஒப்படைக்கிறது. தனி மனிதப் பொறுப்பை இத்தனை அழுத்தமாகச் சொன்ன வள்ளுவர், அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். நோயுற்றவன் முதலில் நிற்கிறான், தனியாக நிற்கவில்லை.

நியூ ஜெர்சி நடுவர்கள் செய்ததும் வள்ளுவர் செய்ததும் பங்கீடுதான். அங்கே பங்கிடப்பட்டது பழி. இங்கே பங்கிடப்படுவது பணி. பழி பின்னோக்கிப் பார்க்கும். அது முடிந்துபோனதற்கு விலை வைக்கும். பணி நாளைக் காலையைப் பார்க்கும். பதினாறு வயதில் தொடங்கியதற்கு ஒருவரைப் பழிக்க நியாயம் குறைவு. ஆனால் நாற்பது வயதில் மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்பதை அவருக்காக வேறு எவரும் முடிவு செய்ய இயலாது. ஸெனோ தவறியது இங்கேதான். அவன் சபதம் செய்தான், தேதி தேர்ந்தான், தன்னை ஆராய்ந்தான், எழுதினான். துணையோடு ஒரு முழு வாரம் பொறுத்திருக்க மட்டும் அவன் சம்மதிக்கவில்லை.

இன்று மருந்து இருக்கிறது. நிக்கோட்டினைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வேட்கையைத் தணிக்கும் மெல்லும் பசையும் தோலில் ஒட்டும் பட்டையும் இருக்கின்றன. வரெனிக்ளின் போன்ற மாத்திரைகளும் உள்ளன. மருத்துவர் மேற்பார்வையில் இவற்றைக் கொள்வோர் வெற்றி பெறும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. இந்தியாவில் 2016இல் தேசியப் புகையிலை விடுப்புத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் அதன் எண் சிகரெட், பீடிப் பொட்டலங்களின் மேலேயே அச்சாகிறது. நோயை விற்கும் பெட்டியே தீர்ப்பவனின் எண்ணையும் சுமக்கிறது. இவற்றை நாடுவது ஆண்மைக்குக் குறைவு என்றும், 'நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்' என்றும் சொல்லும் வீம்பு இன்னும் குறையவில்லை. அந்த 'நாளைக்கே'யில் ஸெனோவின் குரலைக் கேட்கலாம்.

அருகிருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'என் உடல், என் விருப்பம்' என்பது அழகிய வாக்கியம். புகை அதனைப் பொய்யாக்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா 1981இல் வெளியிட்ட ஆய்வு, புகைக்காத 91,540 மனைவியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தது. மிகுதியாகப் புகைத்த கணவரின் மனைவியர்க்கு நுரையீரல் புற்றால் இறக்கும் இடர் கூடியிருந்தது. அப்பெண்கள் எந்தத் தேதியையும் சுவரில் எழுதவில்லை. எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. கவிஞன் புகைவளையத்தை நோக்கி உவமை தேடும் அறைக்கு அப்பால் சமையற்கட்டும் தொட்டிலும் இருந்தன என்பதை இலக்கிய வரலாறுகள் எழுதுவதில்லை. 2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் பொது இடங்களில் புகைப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டிற்குள் சட்டம் வராது. அங்கே புகைப்பவரின் நெஞ்சுதான் சட்டம்.

சிகரெட்டும் எழுத்தும் இணைந்த படம் நம் மனத்தில் பதிந்திருப்பதற்கு நூல் அட்டைகளும் திரைப்படங்களும் காரணம். உண்மைக் கணக்கு வேறு. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைக் கொள்கின்றனர். எண்ணிக்கையில் ஏறத்தாழ 26.7 கோடி. சிகரெட் புகைப்போர் 4 விழுக்காட்டினரே. பீடி புகைப்போர் 7.7 விழுக்காட்டினர். மெல்லுவோர் இவர்களைவிட மிகுதி. ஆழ்ந்த சிந்தனையின் அடையாளம் என்று ஒருவர் விரலிடுக்கில் வைத்திருக்கும் பொருள், நாட்டின் பெரும்பாலோர்க்குப் பசியை மறைக்கவும் பளுவைத் தூக்கவும் பயன்படும் மலிவான இலை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் முறத்தை வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அந்த இலையைச் சுற்றிக் கொண்டிருக்கும் பெண்கள் அதன் தூளைச் சுவாசிக்கின்றனர். அவர்களைப் பற்றித் தனியே பேச வேண்டும். இன்று அதற்கு நேரமில்லை.

ஃபிராய்டும் ஸெனோவும் மட்டுமே நினைவில் நின்றுவிடக் கூடாது என்பதால் இன்னொரு மருத்துவரையும் சொல்லலாம். 1940களின் இறுதியில் இலண்டனில் நுரையீரல் புற்று ஏன் பெருகுகிறது என்று ஆராயப் புகுந்தவர் ரிச்சர்டு டால். சாலைக்கு ஊற்றும் தாரோ வண்டிப் புகையோ காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். அவரும் புகைப்பவர்தாம். மருத்துவமனை மருத்துவமனையாக நோயாளிகளை வினவித் தொகுத்த விவரங்கள் வேறு திசையைக் காட்டின: புற்றுற்ற 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர் மட்டுமே. பிராட்ஃபோர்டு ஹில்லுடன் அவர் எழுதிய கட்டுரை 1950இல் வெளிவந்தது. அது வெளிவருவதற்குள் அவர் புகைப்பதை நிறுத்தியிருந்தார். இது பற்றிப் புதினம் எதுவும் இல்லை. எழுதவும் அதில் ஒன்றுமில்லை. எண்களைப் பார்த்தார், நிறுத்தினார். எல்லாரும் அவ்வாறு நிறுத்திவிட முடியாது என்பதை மேலே கண்டோம். ஆனால் அவ்வாறு நிறுத்துவோரும் உண்டு என்பதும் மனித இயல்பின் பகுதியே. 2005இல் 92 வயதில் அவர் இறந்தார்.

இறப்பதற்கு ஓராண்டுக்கு முன், 1951இல் தொடங்கிய மற்றோர் ஆய்வின் ஐம்பதாண்டு முடிவுகளை அவர் வெளியிட்டார். 34,439 பிரித்தானிய ஆண் மருத்துவர்களை அரை நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. புகைப்பதைத் தொடர்ந்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்திருந்தார்கள். முப்பது வயதில் நிறுத்தியோர் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பப் பெற்றனர். நாற்பதில் நிறுத்தியோர் ஒன்பது ஆண்டுகளும், ஐம்பதில் நிறுத்தியோர் ஆறு ஆண்டுகளும் பெற்றனர். இந்த அவையில் அறுபதைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள். 'இனி நிறுத்தி என்ன' என்று அவர்களுள் சிலர் கேட்பதுண்டு. அறுபதில் நிறுத்தியவர்களுக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்தன.